நாற்பது வேலியை அறுத்தது யார்?

"பழைய படமுங்க, மெதுவாத்தான் போகும், பொறுமையாப் பாக்கணும்" என்கிறார்கள் கலாரசிகர்கள். 1942இல் ஜெமினி எடுத்த கருப்பு வெள்ளை 'நந்தனார்'. இயக்கம் முருகதாசா. நந்தனாராக எம்.எம். தண்டபாணி தேசிகர். பொறுமையாகவே முழுசும் பார்த்தேன். சொல்கிறேன்: நம்மிடம் கேட்கிற அந்தப் பொறுமைதான் இந்தப் படத்தின் அரசியல்.

நந்தனுக்குப் புராணம் வைத்த பெயரே திருநாளைப்போவார். இன்னைக்கு இல்ல, நாளைக்கு. அந்த நாளைக்காகக் கைகட்டி நிற்கவும், உருகி உருகிப் பாடவும் படத்துக்கு எவ்வளவோ நேரமிருக்கிறது.

அறுவடைக்கு மட்டும் நேரமில்லை! நாற்பது வேலியையும் அறுத்துட்டுச் சிதம்பரம் போ என்கிறான் ஆண்டை. ஒரு வேலி ஏறத்தாழ 6.67 ஏக்கர். அப்படியானால் 260 ஏக்கருக்கும் மேல். குனிஞ்சு அறுத்து, கட்டுக் கட்டி, களத்துக்குச் சுமந்து, அடிச்சுத் தூற்ற எத்தனை சேரிச்சனம், எத்தனை நாள் வேண்டும்? கதையில் ஒரே ராத்திரி. எல்லாம் சிவன் செயல். கூலிப் பேச்சே கிடையாது. சாமிக்கு எவனய்யா கூலி அளப்பான்?

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இந்த ஆண்டையும் இல்லை, நாற்பது வேலியும் இல்லை. அங்கே நந்தன் பேரிகைக்குத் தோலும் வீணைக்கு நரம்பும் கொடுக்கிற உழைப்பாளி. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதிதான் பார்ப்பன ஆண்டையைக் கொண்டுவந்தார். பண்ணையடிமைத்தனத்தை மேடையேற்றினார், உண்மை. அற்புதத்தைப் போட்டு அதை மூடியதும் அவரே. படமும் அதே வழியில் போகிறது. ஆண்டை மனம் திருந்துவான். நிலம் மட்டும் அவன்கிட்டயே இருக்கும்.

மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலை 8. கோயில் நுழைவுச் சட்டமும் அந்த ஆண்டே வந்தது. மூன்று வருஷம் கழித்து வந்த சினிமாவிலும் நந்தன் தீயில் இறங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. அதே தஞ்சைத் தரணியில் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட சனத்தில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும் கிழடுகளும். அந்தத் தீயிலிருந்து யாரும் பூணூல் போட்ட முனிவராக எழுந்து வரவில்லை.

நந்தன் நம்மவன். 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதார்' பற்றிய நூலை அண்ணல் அம்பேத்கர் நந்தனார், ரவிதாசர், சொக்கமேளா ஆகியோரின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். நம்ம சண்டை நந்தனோடு அல்ல, அவனுக்குத் தீ மூட்டிவிட்டு அதற்குப் பக்தி என்று பெயர் வைத்தவர்களோடு.

எனவே தோழர்களே, இந்தப் படத்தை ஒதுக்காதீர்கள். சேரியில் திரை கட்டிப் போடுங்கள். அறுவடை வரும்போது நிறுத்துங்கள். வயலில் குனிந்து முதுகொடிந்தவர்களைக் கேளுங்கள்: நாற்பது வேலியை அறுத்தது யாரு? அந்த நெல்லு யார் வீட்டுப் பத்தாயத்துக்குப் போச்சு? அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் படம் காத்திருக்கட்டும்.