கூலிக்கு ஒப்பந்தம் உண்டு, வாடகைக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீதிக்கோடி லைன் வீட்டில் குடியிருக்கும் ஒரு அம்மிணி வந்து வாசலில் நின்றார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வீட்டுக்காரர் ஓவர்லாக் டெய்லர்.

"ஏனுங்க சார், அடுத்த மாசத்துல இருந்து வாடகை ஆயிரம் சேர்த்துக் குடுக்கோணுமாம். முடியலீன்னா காலி பண்ணிக்கச் சொல்லீட்டாங்க. இதை எங்கீங்க போய்ச் சொல்றது?"

முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதியவன், நாலு விஷயம் தெரிந்தவன் என்று நம்பித்தான் கேட்டார். எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. எனக்கும் மூன்று லைன் வீடுகள் உண்டு. அவற்றின் வாடகையை நானும் இப்படி வாசலில் நின்று வாய்வார்த்தையாகச் சொல்லித்தான் ஏற்றியிருக்கிறேன். ஒருமுறை ஒரு குடும்பம் மறுபேச்சுப் பேசாமல் மாசக் கடைசியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பிள்ளைக்குப் பரீட்சை நேரம் என்று பிறகுதான் தெரிந்தது.

நம் ஊர் ஒப்பந்தம் அறியாத ஊரா? 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். இன்றைக்கும் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பல சுற்றுப் பேசி, முதல் வருஷம் இத்தனை சதவீதம், அடுத்த வருஷம் இத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். சனிக்கிழமை சம்பளப் பட்டியலை அதைப் பார்த்துத்தான் போடுவேன். கூலியை ஒரு ரூபாய் ஏற்ற மாசக்கணக்கில் பேச்சு நடக்கும் ஊரில், வாடகையில் ஆயிரம் ரூபாய் ஒரே வாக்கியத்தில் ஏறிவிடுகிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், குடியிருப்பு வீட்டின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம் நியாய வாடகை என்று கணக்கு இருந்தது. வழக்குகள் வருஷக்கணக்கில் இழுத்தன, வீட்டுக்காரர்களும் நொந்துபோனார்கள். அதை எடுத்துவிட்டுக் கொண்டுவந்த 2017-ஆம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும். வாடகையில் தகராறு வந்தால் துணை ஆட்சியர் தகுதிக்குக் குறையாத அந்த அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி மிரட்டக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த லைன் வீடுகளில் ஒப்பந்தம் எழுதிய வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். அட்வான்ஸுக்கு ஒரு துண்டுச்சீட்டு, மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு. பதியாத ஒப்பந்தம் இந்தச் சட்டத்தில் எந்த உரிமையும் தராது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பழைய குடித்தனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் ஏற்படவில்லை என்பதையே காரணமாகக் காட்டி, காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றம் போகலாம். எழுதித் தராதவரும் நாம்தான், எழுத்து இல்லை என்று வழக்குப் போடுகிறவரும் நாம்தான். இது என்ன நியாயம்?

"என் வீடு, என் வாடகை, இதில் அதிகாரி எதற்கு?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். 2022-ல் சொத்து வரி ஏறியது, பேங்க் கடனுக்கு வட்டி கட்டுகிறோம், சுண்ணாம்பு அடிக்கிற கூலியும் ஏறிவிட்டது. எல்லாம் உண்மை. நான் வாடகையை ஏற்றக்கூடாது என்று சொல்லவில்லை. கணக்கு நியாயமானது என்றால் அதை ஓர் அதிகாரி முன்னால் சொல்ல நமக்கென்ன பயம்? முதலாளிக்கும் நூல் விலை ஏறத்தான் செய்கிறது. அதற்காகக் கூலியை அவர் இஷ்டத்துக்கு விடலாம் என்று நாம் ஒருநாளாவது ஒப்புக்கொண்டோமா?

ஆகவே மூன்று காரியங்கள் நடக்கவேண்டும். ஒப்பந்தம் இல்லை என்று மனுவைத் திருப்பாமல், வாடகை அனுப்பிய ஜிபே பதிவு, அட்வான்ஸ் சீட்டு, அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் ஆகியவற்றைச் சாட்சியாக ஏற்கவேண்டும். மனு முடிகிறவரை பழைய வாடகையே செல்லும், அதுவரை காலி செய்யச் சொல்லக்கூடாது என்று விதி வரவேண்டும். விசாரணை, மாநகராட்சியின் நான்கு மண்டல அலுவலகங்களில் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கவேண்டும். வேலைநாளில் கலெக்டர் ஆபீஸுக்கு வா என்றால், ஒரு ஷிப்ட் கூலியை இழந்து யார் வருவார்கள்? முதல் இரண்டுக்கும் சட்டத்தையே திருத்தவேண்டியிருக்கும். மூன்றாவதற்கு அதிகாரிகள் மனசு வைத்தாலே போதும்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கும் வாடகைக்கு விட்ட வீடு இருக்கும். அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். என் மூன்று வீடுகளுக்கும் இந்த மாசமே ஒப்பந்தம் எழுதிப் பதியப்போகிறேன். எத்தனை மாசத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏறும் என்பது அதில் இருக்கும்.

அந்த அம்மிணிக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையில் பத்திரம் இல்லாத மனு. அதை வாங்கிக்கொள்கிறார்களா, திருப்பிக் கொடுக்கிறார்களா என்று பார்த்து எழுதுகிறேன்.