பழைய ஆம்ப்ளிபயரைக் கொல்ல ரெண்டு வழி

ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிபயர் கையில் கிடைத்தால் நம்ம ஆட்கள் ரெண்டே ரெண்டு வேலைதான் பண்றாங்க. ஒண்ணு, "உள்ள இருக்கறது எல்லாம் குப்பை தம்பி, உருவிப் போட்டுட்டு ஐ.சி. போர்டு வச்சிரலாம்"னு மெக்கானிக் சொல்றதுக்குத் தலையாட்டுறது. ரெண்டு, மேலே இங்கிலீஷில் ஏதாவது எழுதியிருந்தா "ஃபாரின் செட்டு, லட்ச ரூபாய் போகும்"னு கனவு காண்றது. முதல் கூட்டத்துக்கு அது பழைய இரும்பு. அடுத்த கூட்டத்துக்கு லாட்டரிச் சீட்டு. ரெண்டு பேருமே பெட்டியைத் திறந்து உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கறதில்லை. என் சண்டை ரெண்டு பேரோடயும்தான்.

முதல்ல இந்த ஃபாரின் பைத்தியத்தைப் பார்ப்போம். காந்தி, நேரு பேசுற பழைய போட்டோக்களில் மைக்கில் "சிகாகோ ரேடியோ"ன்னு எழுதியிருக்கும், கவனிச்சிருக்கீங்களா? உடனே அமெரிக்கக் கம்பெனின்னு முடிவு கட்டிடுவோம். அதை நடத்தியது சிந்து மாகாணத்தில் 1909ல் தொழில் ஆரம்பிச்ச மோட்வானி குடும்பம். 1942ல் உஷா மேத்தா குழுவினர் ரகசியமா நடத்தின காங்கிரஸ் ரேடியோ ஞாபகம் இருக்கா? அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவங்களில் நானக் மோட்வானியும் ஒருத்தர். பெயர்ப்பலகையை மட்டும் நம்பினா இவ்வளவு பெரிய கதை "ஏதோ அமெரிக்க மைக்கு"ன்னு முடிஞ்சு போயிருக்கும்.

சரி, பெயர்ப்பலகையே இல்லாத பெட்டியை என்ன பண்றது? ஆனையூரில் ஒரு மைக் செட் கடையில் அப்படி ஒண்ணைப் பார்த்தேன். சாம்பல் நிறத் தகரப் பெட்டி, முன்னாடி நாலு திருகு, கிடார் வயர் சொருகுற மாதிரியே ரெண்டு ஜாக். கூட வந்த நண்பன் "டேய், மார்ஷல்டா!"ன்னு குதிச்சான். கடைக்கார அண்ணன் "எங்கப்பா காலத்து சாமான், எடைக்குப் போடணும்"னார். அஞ்சு நிமிஷம் திருப்பிப் பார்த்ததில் ரெண்டு பேர் சொன்னதும் தப்புன்னு தெரிஞ்சது.

1. ஸ்பீக்கர் கனெக்‌ஷன். கிடாருக்குன்னே செஞ்ச ஆம்ப்ளிபயரில் பொதுவா 4, 8, 16 ஓம்னுதான் இருக்கும். இதில் அதோட "100 வோல்ட்"னும் ஒரு முனை. அது தெருத்தெருவா கம்பத்தில் கட்டுற குழாய் ஸ்பீக்கருக்கானது. வோல்டேஜை ஏத்தி அனுப்பினா கரண்ட் குறையும், நீளமான வயரில் நஷ்டமும் குறையும். ஈ.பி.காரங்க உயரழுத்த லைன் இழுக்கறதும் இதே கணக்குதான். ஆக, இது மேடைக்கும் திருவிழாவுக்கும் பிறந்த செட்.

2. வால்வு நம்பர். அது பேர் மாதிரி இல்லை, ஜாதகம் மாதிரி. ஈ.சி.சி. 83ன்னா "ஈ" என்பது சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ட், "சி.சி." என்பது ஒரே கண்ணாடிக்குள் ரெண்டு டிரையோடு. ஈ.எல். 34ல் வரும் "எல்" பவர் வால்வு. இந்தப் பெட்டியில் ரெண்டுமே இருந்தது. பல மார்ஷல்களுக்குள்ளேயும் இதே ஜோடிதான். நண்பன் குதிச்சதில் ஒரு நியாயம் இருக்கு :-)

3. வால்வு மேல முத்திரை. ஒண்ணில் "பெல்"னு இருந்தது. திருச்சி பெல் இல்லீங்க, 1954ல் ஆரம்பிச்ச பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ். ஆனா வால்வை யாரு வேணா மாத்தியிருக்கலாம், அதை மட்டும் வச்சு வயசு சொல்லக்கூடாது. டிரான்ஸ்பார்மர், கண்டென்சர், சால்டர் வச்ச கை எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்க்கணும். உள்ளே சால்டர் வேலை கை வேலை, டிரான்ஸ்பார்மரில் கம்பெனி பேரே இல்லை. என் முடிவு: ஏதோ ஒரு ரேடியோ மெக்கானிக் தன் கையால் கட்டின பெட்டி.

"அப்போ லோக்கல் மால்தானே?"ன்னு கேட்பீங்க. நானும் அங்கேதான் வர்றேன். லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் 1962ல் செஞ்ச முதல் ஆம்ப்ளிபயர் என்ன தெரியுமா? அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்து, இங்கிலாந்தில் கிடைச்ச பாகங்களை வச்சுக் கட்டினது. பாகம் மாறினதால் சத்தமும் மாறிச்சு, அந்தச் சத்தத்துக்கு உலகமே மயங்கிச்சு. கையில் கிடைச்சதை வச்சு ஒருத்தர் லண்டனில் கட்டினா சரித்திரம், மதுரையில் கட்டினா எடைக்கா? நம்ம ஊர் மேடைப்பேச்சை வச்சு பெர்னார்ட் பேட் 2009ல் இங்கிலீஷில் ஒரு புத்தகமே போட்டார். அந்தப் பேச்சைக் கடைசி வரிசை வரைக்கும் கொண்டுபோன பெட்டிக்கு நாம குடுக்கிற மரியாதை, காயலான் கடைத் தராசு.

இப்போ "போர்டு மாத்துற" கோஷ்டிக்கு வருவோம். இதை அவங்க "ரீகண்டிஷன்"னு சொல்றாங்க. டிரான்ஸ்பார்மரைப் பிடுங்கி செம்புக் கம்பிக்கு வித்துட்டு, வெறும் தகர டப்பாவுக்குள்ள புது போர்டை வச்சா அதுக்குப் பேர் ரீகண்டிஷனா? பழைய அம்பாசடர் கூட்டுக்குள்ள ஆட்டோ இன்ஜினை வச்சுட்டு "ஓடுதுல்ல"ன்னு கேட்கற மாதிரி இருக்கு. உண்மையில் இந்தப் பெட்டிகளில் கெட்டுப்போறது கொஞ்சம்தான். எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் காய்ஞ்சு போகும். வால்வுக்கு வால்வு இணைக்கிற கண்டென்சர் லீக் ஆகி பவர் வால்வைச் சிவக்க வைக்கும். திருகுகளில் அழுக்கு சேர்ந்து கரகரக்கும். இதுக்கெல்லாம் பாகம் இன்னைக்கும் கிடைக்குது. வால்வே வேணும்னாலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் புதுசா செய்யறாங்க. ஆனா அந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போனா போனதுதான். அதே மாதிரி இன்னொண்ணைச் சுத்தித்தர ஆள் தேடி அலையணும். முதல்ல பிடுங்கறதே அதைத்தான், கொடுமை!

நியாயமான கேள்வி ஒண்ணு இருக்கு. மைக் செட் அண்ணனுக்கு நாளைக்குக் கல்யாண வீட்டு ஆர்டர், அவர் என்ன மியூசியமா நடத்துறார்? வாஸ்தவம். அவர் புது செட்டு வாங்கட்டும், தப்பே இல்லை. பழசைப் பிரிக்காம முழுசா ஒரு கிடார் வாசிக்கிற பையனுக்கு வித்தா, செம்பு விலையை விட அதிகம் கிடைக்க வாய்ப்பு இருக்கு. 8 ஓம் முனையில் நல்ல ஸ்பீக்கரை மாட்டி, உள்ளே வர்ற ஜாக்கை மட்டும் கிடாருக்குத் தோதா சரிபண்ணா போதும், பெட்டி பாடும்.

நம்ம பி.காம். மக்களுக்கு இது புரியணும். தேய்மானம்னா என்ன? போட்ட காசை வருஷா வருஷம் பிரிச்சு எழுதற கணக்கு. பொருளோட மதிப்பை அளக்கிற தராசு இல்லை. புத்தகத்தில் பூஜ்யம் ஆயிட்டதால பொருளும் பூஜ்யம்னு நினைக்கிறது, பரீட்சையில் எழுதினா மார்க் போற தப்பு. கடையில் பண்ணினா ஒரு மனுஷனோட கைவேலை போற தப்பு.

உங்க தெருவில் ஒரு மைக் செட் கடை இருக்கும். பரணில் ஒரு பெட்டி தூசியோட உட்கார்ந்திருக்கும். எடைக்காரர் வர்றதுக்குள்ள போய் நாலு பக்கமும் போட்டோ எடுங்க, வால்வு நம்பரைக் குறிச்சுக்கங்க, யாரு கட்டினதுன்னு கடையில் கேளுங்க. சொல்லத் தெரிஞ்ச பெரியவங்க எத்தனை நாளைக்கு இருப்பாங்க?

பி.கு: பல வருஷம் சும்மா கிடந்ததை நேரா பிளக்கில் சொருகாதீங்க. முதல் தடவை 60 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டுத்தான் கொடுக்கணும். ஸ்பீக்கர் மாட்டாம ஓட்டக்கூடாது. உள்ளே 300, 400 வோல்ட் டி.சி. ஓடும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டென்சரில் தங்கி நிற்கும், ஆளையே கொல்லும். விவரம் தெரிஞ்ச வால்வு மெக்கானிக் பக்கத்தில் இல்லாம மூடியைத் திறக்காதீங்க. கழட்டின பாகத்தை ஒரு கவரில் போட்டு அதே பெட்டிக்குள்ள வைங்க, அடுத்து திறக்கறவனுக்கு உதவும். அப்புறம் தயவுசெஞ்சு பெயிண்ட் அடிச்சிராதீங்க!