நேர்வழி இருக்க சுத்துவழி எதுக்கு?



நம் பள்ளியில் மதிய இடைவேளையில் செஸ் ஆடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு யானை கூடுதலாக இருக்கும்போது, காய்க்குக் காய் வெட்டி ஆட்டத்தை முடிக்கப் பார்த்தால், சுற்றி நிற்பவர்கள் "பயந்தாங்கொள்ளி" என்று கிண்டல் செய்கிறார்கள். அதுவும் பொம்பளப் பிள்ளைங்க ஆடினா கேட்கவே வேண்டாம். ராணியைப் பலி கொடுத்து மேட் வைத்தால்தான் மூளையாம்! இது தப்பு என்பது என் கருத்து.

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம், 14-வது. நம்ம சென்னை குகேஷும் சீனாவின் டிங் லிரெனும் 6.5 – 6.5 என்று சமம். இருவருக்கும் ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷுக்கு 2 சிப்பாய், டிங்குக்கு 1. டிங் தன் 55-வது நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் என்ன செய்தார்? யானைக்கு யானை வெட்டினார். டிங்கின் மந்திரி மூலையில் மாட்டியிருந்தது. அதற்கு நேராகத் தன் மந்திரியை வைத்து அதையும் மாற்றிக்கொண்டார். மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். 58-வது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் உலக சாம்பியன்! அவரை யாராவது பயந்தாங்கொள்ளி என்பார்களா?

காரணம் சின்னக் கணக்குதான். 5 காய்க்கு 4 காய் என்றால் எதிராளி இன்னும் சண்டை போடலாம். எல்லாம் வெட்டுப்பட்டு 1-க்கு 0 என்றால் அவரிடம் என்ன இருக்கிறது?

புதிதாக ஆடுகிறவர்கள் முதலில் இரண்டு யானை மேட்டைப் பழகுங்கள். ஒரு யானை ஒரு வரிசையை அடைத்து நிற்கட்டும். இன்னொன்று அடுத்த வரிசையில் செக் வைக்கட்டும். மாறி மாறி வைத்தால் ராஜா ஓரத்துக்குப் போய்விடும். கரைவலையை இரண்டு பக்கமும் இழுத்துக் கிட்டே கொண்டு வருகிற மாதிரிதான். ராஜா யானையை வெட்டப் பக்கத்தில் வந்தால், அதே வரிசையில் மறுகோடிக்குத் தள்ளிவிடுங்கள்.

ராணியோடு விளையாட்டு காட்டினால் ஆபத்தும் உண்டு. எதிராளியின் தனி ராஜா மூலையில் இருக்க, செக் இல்லாமலே எல்லாக் கட்டத்தையும் அடைத்துவிட்டால் ஸ்டேல்மேட். ஜெயித்த ஆட்டம் டிரா! ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகள் இப்படி இரண்டு தடவை ஆனதுமே "எனக்கு செஸ் வராது" என்று போர்டை மூடி வைக்கிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

"அப்போ பலி கொடுக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். சமமாக இருக்கும்போதும் பின்தங்கும்போதும் துணிந்து ஆடலாம். ஜெயிக்கிற ஆட்டத்தில் எதற்கு வீண் வம்பு?

எனவே தோழர்களே, யாராவது எளிதாக ஜெயித்தால் கிண்டல் செய்யாதீர்கள், கை தட்டுங்கள். இன்னும் நாலு பேர் பயமில்லாமல் ஆட வருவார்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி