முதுமையும் மூலிகை மருந்தும்

வயது ஐம்பதைக் கடந்த ஆடவர் பலர் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் துன்பம் ஒன்று உண்டு. இரவில் மூன்று நான்கு முறை எழ வேண்டியிருக்கும். சிறுநீர் தடைப்பட்டுத் துளித்துளியாய் இறங்கும். போய் வந்த பின்னும் அடிவயிறு நிறைந்தே இருப்பதாய்த் தோன்றும். மனைவியிடம் சொல்லக் கூச்சம். மகனிடம் சொல்லத் தயக்கம். ஆகவே ஆம்பூர்க் கடைத்தெருவில் ஒரு சூரணமோ, விளம்பரத்தைக் கண்டு ஒரு புட்டி மாத்திரையோ வாங்கி, ஒருவருக்கும் தெரியாமல் உட்கொள்கின்றனர். இதனைக் குறித்தே இம்மாதம் நம் குடும்பங்களோடு பேச விழைகிறோம்.

சிறுநீர்ப் பையின் அடியில், சிறுநீர்த் தாரையைச் சூழ்ந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. இளமையில் ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ள இது, முதுமையில் பருத்துத் தாரையை நெருக்குகிறது. இப்பருமன் புற்றுநோயன்று, நெறி தவறிய வாழ்வின் தண்டனையும் அன்று. நரை வருவதைப் போல வயதோடு வருவது. வெட்கப்பட இதில் எதுவுமில்லை.

நம் முன்னோர் நீரடைப்புக்கு நெருஞ்சில், சிறுபீளை, மாவிலங்கப் பட்டை, மூக்கிரட்டை முதலியவற்றைக் கஷாயமிட்டு வழங்கினர். அம்மரபை நாம் இகழவில்லை. மண்ணில் விளையும் மருந்தும், அதனை அறிந்த மருத்துவரும் இறைவனின் கொடையே என்பது சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் தரும் போதனை. எனினும், மூலிகை என்றும் சத்து மாத்திரை என்றும் பெயர் தாங்கிய அனைத்தும் பயன் தரும், தீங்கு செய்யாது என்று கொள்ளலாகாது. இதற்கு மூன்று சான்றுகள் தருவோம்.

இந்நோய்க்கென உலகெங்கும் விற்பனையாவது ‘சா பால்மெட்டோ’ என்னும் அமெரிக்கக் குட்டைப் பனையின் பழச்சாறு. 2006-இல் வெளியான ஆய்வில் 225 பேருக்கும், 2011-இல் வெளியான ஆய்வில் 369 பேருக்கும் அதனையோ வெற்று மாத்திரையையோ கொடுத்துப் பார்த்தனர். இரண்டாம் ஆய்வில் மும்மடங்கு அளவு வரை கொடுத்தும், வெற்று மாத்திரையைவிட அது மேலானதாய் இல்லை.

அடுத்து, புற்றுநோயைத் தடுக்கும் என நம்பப்பட்ட வைட்டமின் ஈ. அமெரிக்கா, கனடா நாடுகளில் 35,000-க்கு மேற்பட்ட ஆடவரைக் கொண்டு அது ஆராயப்பட்டது. அதனை மட்டும் நாள்தோறும் உண்டவர்களிடையே புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது என 2011-இல் அறிவித்தனர்.

மூன்றாவது, எட்டு மூலிகைகளின் கலவை என அமெரிக்காவில் விற்கப்பட்ட ‘பி.சி. ஸ்பெஸ்’. சோதித்தபோது, செயற்கைப் பெண்மைச் சுரப்பு மருந்தும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினும் அதில் கலந்திருந்தமை வெளிப்பட்டது. 2002-இல் அது சந்தையிலிருந்து அகற்றப்பட்டது.

நம் நாட்டுச் சட்டம் இவ்வகையில் முன்னரே விழித்திருந்தது. 1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டம், இன்னின்ன நோய்களைத் தீர்ப்பதாக மக்களிடையே மருந்து விளம்பரம் செய்யலாகாது எனப் பட்டியலிட்டுள்ளது. அப்பட்டியலில் புராஸ்டேட் கோளாறும் இடம்பெற்றுள்ளது. ஆகவே, ‘முற்றிலும் குணம், அறுவை தேவையில்லை’ என்று கூவும் விளம்பரத்தைக் காணும்போது, சட்டத்தை மீறியவனுடைய வாக்கை நம்பலாமா என எண்ணிப் பாருங்கள்.

பணம் வீணாவது சிறு இழப்பு. காலம் வீணாவதே பேரிழப்பு. அடிக்கடி நீர் பிரிவது நீரிழிவாலும் வரும். கிருமித் தொற்றாலும், கல்லாலும், அரிதாகப் புற்றுநோயாலும் வரும். எதுவென அறியாமல் சூரணம் உண்பவர் எதற்கு மருந்துண்கிறார்? நீர் தேங்கித் தேங்கிச் சிறுநீரகமே பழுதடைவதும் உண்டு. சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, நீர் அறவே அடைத்துக்கொண்டாலோ, அன்றே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

எனவே, முதலில் பரிசோதனை, பிறகே மருந்து. சித்த மருத்துவத்தை விரும்புவோர் அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்த மருத்துவப் பிரிவுகளில் பட்டம் பெற்ற மருத்துவரை நாடலாம். எம்முறை மருத்துவரானாலும், உண்ணும் மருந்து யாவற்றையும் அவரிடம் மறையாது கூறுங்கள். இரத்தம் உறையாமைக்கு மருந்துண்போர்க்கும் அறுவைக்குச் செல்வோர்க்கும் இது மிகவும் இன்றியமையாதது. இரவு உறங்குமுன் தேநீரையும் மிகுந்த நீரையும் தவிர்த்தல் நலம். சளிக்கென விற்கும் சில மாத்திரைகள் நீரடைப்பை உண்டாக்கும், கேளாமல் வாங்காதீர்கள்.

தோல் பதனிடும் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் அதன் மருத்துவ உதவி உண்டு. இரவில் தந்தை பலமுறை எழுவதைக் கண்டால், அவர் சொல்லட்டும் என்று காத்திராதீர்கள். நீங்களே கனிவோடு கேளுங்கள். கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். நமக்காகத் தோல் கிடங்கில் நின்று தேய்ந்த உடலுக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவன்றோ!