பாலையூற்றிலிருந்து லோசான் எவ்வளவு தூரம்?

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 2025ஆம் ஆண்டு நடைபெற்ற 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணக் கூடைப்பந்தாட்டப் போட்டியில் ஜெர்மனியை 109-76 என வென்று அமெரிக்கா சம்பியனானது. பிரேசிலில் 1979இல் தொடங்கிய இச்சுற்றுப்போட்டியில் 16 நாடுகளே பங்குகொள்கின்றன. ஆசியாவிலிருந்து செல்ல விரும்பும் அணி, அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கூட மோதும் ஆசியக் கிண்ணத்தில் முதல் நான்கு இடங்களுக்குள் வர வேண்டும். இலங்கை ஒருமுறையேனும் இவ்வாசலை எட்டியதில்லை.

நம்மவர் உயரம் குறைந்தவர்கள், நாடு வறியது என்பதே வழமையாகச் சொல்லப்படும் காரணம். உயரம் பற்றிய வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. வறுமை பற்றிய வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்வதுமான மாலி, 2019இல் அரையிறுதியில் பிரான்ஸையே வீழ்த்தி இறுதியாட்டம் வரை சென்றது.

கிழக்கு மாகாணத்துக்கு இவ்விளையாட்டு புதியதுமன்று. திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியையும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியையும் நடத்திய இயேசு சபைத் துறவிகளுள் அமெரிக்காவிலிருந்து வந்தோர் பலர். தம் நாட்டின் விளையாட்டை அவர்கள் இங்கு ஊன்றி வளர்த்தனர். அவர்களுள் ஒருவரான, கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக அறியப்பட்ட அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபியர், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் சென்ற வழியில் காணாமற்போனார். தமிழர், முஸ்லிம்கள் என இரு தரப்பினரின் இரத்தமும் சிந்திய நாட்கள் அவை. பயிற்றுநர்களை மட்டுமன்றி, பிள்ளைகள் ஊர் கடந்து சென்று விளையாடும் வழக்கத்தையும் யுத்தம் பறித்துக்கொண்டது.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் சிக்கலானது. 2014ஆம் ஆண்டின் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் ஹிஜாபைக் களைய மறுத்த கட்டார் மகளிர் அணி ஆட்டத்தையே துறக்க நேர்ந்தது. 2017 ஒக்டோபர் முதல் சர்வதேசச் சம்மேளனம் தலையை மறைத்து ஆட அனுமதித்துள்ளது. ஆகவே கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு மாணவியைத் தடுப்பதற்கு விதிமுறையைக் காரணம் காட்ட இனி எவராலும் இயலாது. பாதுகாப்பான ஆடுகளமும் பெண் பயிற்றுநரும் இல்லாமையே தடையென்றால், அதை நீக்கும் பொறுப்பு நம்முடையதே.

பாலையூற்றில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று பந்தைக் கையிலெடுத்தால் அடுத்து எங்கே செல்வது? ஆண்டுக்கொருமுறை வரும் பாடசாலைப் போட்டியில் முதற்சுற்றிலேயே தோற்றுவிட்டால் அவ்வாண்டு அத்துடன் முடிந்தது. ஓர் ஆட்டத்துடன் எந்த வீரனும் உருவாவதில்லை. திருகோணமலை, கிண்ணியா, மூதூர் கல்வி வலயங்கள் இணைந்து, வார இறுதிகளில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகள் மாறிமாறி மோதும் லீக் போட்டியொன்றை நடத்துவதற்குப் பெருநிதி தேவைப்படாது. பேருந்துச் செலவும் நடுவர்களும் சீமெந்துத் தளம் சிலவுமே போதும். கிரிக்கெட்டுக்கு இந்நாடு செலவிடுவதில் இது ஒரு துளியும் ஆகாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வுலகக் கிண்ணத்தின் கதவு ஏழே ஆண்டுகளில் மூடப்பட்டுவிடும் என்பதையும் மாகாணக் கல்வி அதிகாரிகள் கணக்கிற் கொள்வார்களாக.