பாட்டியின் வளையல் யாருடையது?

பரம்பரை நகையைப் பற்றி எழுதப்படுவனவற்றுள் பெரும்பாலானவை ஒரே குரலில் பேசுகின்றன. அது பொன்னன்று, நினைவு, விலையன்று, வாழ்த்து. பாட்டியின் கழுத்தில் கிடந்தது பேத்தியின் கழுத்துக்கு வரும்போது மூன்று தலைமுறைப் பெண்கள் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். நகைக்கடை விளம்பரம் இப்படிப் பேசுவதில் வியப்பில்லை. விற்பது அதன் தொழில். பொருள்சார் பண்பாடு, கூட்டு நினைவு ஆகிய தலைப்புகளில் நடக்கும் கருத்தரங்குகளும் இதையே மேற்கோள்கள் சேர்த்துத் திரும்பச் சொல்வதுதான் கவலைக்குரியது. அங்கே நகை ‘பிரதி’ ஆகிறது, ‘ஆவணக் காப்பகம்’ ஆகிறது, ‘பெண்களின் மாற்று வரலாறு’ ஆகிறது. அது யாருடைய சொத்து என்னும் கேள்வி மட்டும் எழுவதேயில்லை.

உணர்வு பொய் என்று எவரும் வாதிட வேண்டியதில்லை. ஆனால் உரிமை செய்ய வேண்டிய வேலையை உணர்வின் தலையில் ஏற்றிவிட்டு, அது அந்த வேலையைச் செய்துவிட்டதாக நடிப்பது வேறு. இந்தியக் குடும்பங்களில், குறிப்பாக இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்ட குடும்பங்களில், நடந்துகொண்டிருப்பது அதுதான்.

முதலில் சொற்களைப் பார்க்கலாம். வடமொழியில் ‘ஸ்திரீதனம்’ என்பது பெண்ணுக்கே உரிய செல்வம். அதன் தமிழ் வடிவமான ‘சீதனம்’ இன்று தமிழ்நாட்டுப் பேச்சில் மணமகன் வீட்டார் பெறுவதைக் குறிக்கவும் வழங்குகிறது. உடைமையாளர் இடம்மாறியிருக்கிறார், சொல் மட்டும் அப்படியே இருக்கிறது. வினைகளும் இதற்குச் சான்று தருகின்றன. மகனுக்கு நிலம் ‘எழுதிவைக்கப்படுகிறது’. மகளுக்கு நகை ‘போடப்படுகிறது’. எழுதிவைத்ததற்குப் பத்திரம் உண்டு. போட்டதற்குப் புகைப்படம் உண்டு. ‘எத்தனை பவுன் போட்டார்கள்?’ என்ற கேள்வியில் பெண் எழுவாயாகவும் இல்லை, உடைமையாளராகவும் இல்லை. பொன் ஏற்றப்படும் இடமாகவே அவள் நிற்கிறாள். இந்தியில் வழங்கும் ‘கான்தானி’ நகை என்ற தொடரையும் நோக்கலாம். ‘கான்தான்’ என்றால் குலம். எந்தக் குலம்? மகள் விட்டுச்செல்லும் குலமா, மருமகள் வந்துசேரும் குலமா? எதுவாயினும் அது ஆண்வழியில் எண்ணப்படும் குலமே. நகையை அணிகிறவளின் பெயர் அந்தத் தொடரில் இல்லை.

விலைக்கு அப்பாற்பட்டதாகப் போற்றப்படும் இப்பொருளை அளக்கும் சொற்களோ நாணயத்திலிருந்து வந்தவை. ‘பவுன்’, ‘சவரன்’ இரண்டும் பிரித்தானியப் பொற்காசின் பெயர்கள். பரம்பரைக் காசுமாலைகள் பலவற்றில் அந்தக் காசுகளே கோக்கப்பட்டன. பொருளாதாரத்துக்கு வெளியே நகைக்கு ஒரு காலமும் இருந்ததில்லை. அதை வெளியே நிறுத்திப் பேசுவதால் பயனடைகிறவர் யார் என்பதே ஆய்வுக்குரியது.

சட்டத்தின் நிலை தெளிவானது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆம் பிரிவின்படி, பெண்ணிடம் உள்ள சொத்து, ஸ்திரீதனம் உட்பட, அவளுடைய முழு உடைமை. மணவீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்திரீதனம் கூட்டுச் சொத்தாகிவிடும் என்னும் வாதத்தை 1985இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. அதைக் கையகப்படுத்தும் கணவன்மீது நம்பிக்கை மோசடி வழக்குத் தொடரலாம் என்றும் கூறியது. ஆனால் நீதிமன்றத்தில் ஒரு பெண் எதைக் கொண்டு நிரூபிப்பாள்? கேரளத்தில் 2003இல் மணமான ஒரு பெண், தம் 89 சவரன் நகை கணவன் வீட்டாரால் கையாடப்பட்டதாக வழக்குத் தொடர்ந்தார். 2011இல் குடும்ப நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. கையாடல் நிறுவப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் அந்த நிவாரணத்தை விலக்கியது. 2024இல்தான் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. மணநாளிலிருந்து எண்ணினால் 21 ஆண்டுகள். நகைக்கு நினைவு இருந்தது. தாள் இருந்ததா என்பதே வழக்காயிற்று.

இதே அரசு வருமான வரிச் சோதனையின்போது வேறு முகம் காட்டுகிறது. 1994ஆம் ஆண்டின் அறிவுறுத்தலின்படி, மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரையிலான நகைகள் பறிமுதல் செய்யப்படுவதில்லை. இந்நாட்டுக் குடும்பங்களில் பொன் ரசீதின்றிக் கைமாறும் என்பதை அரசு அறியும். குடும்பத்தைக் காக்கும்போது அந்த அறிவு பயன்படுகிறது. குடும்பத்திடமிருந்து பெண்ணைக் காக்க வேண்டிய இடத்தில் மெய்ப்பிக்கும் சுமை அவள்மேல் விழுகிறது.

இனி ‘தாயிடமிருந்து மகளுக்கு’ என்னும் அந்தப் புகழ்பெற்ற சங்கிலி. மிதாட்சர மரபில் ஸ்திரீதனத்துக்கு மகன்களுக்கு முன்பாக மகள்களே வாரிசுகள் என்னும் விதி இருந்தது. இன்றைய சட்டத்தில் அது இல்லை. உயில் எழுதாமல் இறக்கும் பெண்ணின் சொத்து, 15ஆம் பிரிவின்படி, மகன், மகள், கணவன் ஆகியோருக்குச் சமமாகச் செல்கிறது. அவர்கள் இல்லையெனில் கணவனின் வாரிசுகளுக்கு. அவர்களும் இல்லாதபோதுதான் பெற்றோர். பிள்ளையில்லாப் பெண் பெற்றோரிடமிருந்து மரபுரிமையாக அடைந்த சொத்து தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும் என்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் திருமணத்தன்று தாய் கழற்றி அணிவித்த சங்கிலி மரபுரிமையன்று, பரிசு; அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. ஆகவே பிள்ளையில்லாக் கைம்பெண் உயிலின்றி இறந்தால், அவள் தாயின் சங்கிலிக்குச் சட்டப்படி உரியவர் அவள் கணவனின் உடன்பிறந்தாராக இருக்கக்கூடும். நினைவின் சங்கிலி எந்த வீட்டில் முடிகிறது என்பதைக் கருத்தரங்குக் கட்டுரைகள் பின்தொடர்வதில்லை.

2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதன் கடுமையைக் காட்டும். மணமான 3 மாதங்களுக்குள் கணவனை இழந்து, புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிறந்த வீட்டாரால் படிக்கவைக்கப்பட்டு, வேலைக்குச் சென்று பொருளீட்டிய ஒரு பெண் உயிலின்றி இறந்தார். அவர் ஈட்டியது கணவனின் சகோதரி பிள்ளைகளுக்குச் சென்றது. சட்டம் தெளிவாக இருக்கும் இடத்தில் உணர்வோ பரிவோ தீர்ப்பை வழிநடத்த முடியாது என்றது நீதிமன்றம். உணர்வையே பெண்ணின் செல்வம் என்று போற்றுகிறவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும்.

நிலத்தின் கதை இன்னும் வெளிப்படையானது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தந்தது. தமிழ்நாடு 1989இலேயே மணமாகாத மகள்களுக்கு அதைத் தந்திருந்தது. பிறகு என்ன நடக்கிறது? ‘உனக்குத்தான் நகை போட்டாயிற்றே’ என்ற ஒரு வாக்கியத்தோடு விடுதலைப் பத்திரம் அவள் முன் வைக்கப்படுகிறது. இராஜஸ்தானில் இதற்கு ‘ஹக் தியாக்’ என்று பெயர்: உரிமைத் தியாகம். ஓரிடத்தில் இழப்புக்கு விடுதலை என்று பெயர். மற்றோரிடத்தில் அறம் என்று பெயர். நகை வாழ்த்து என்றால் பங்குக் கணக்கில் அதைக் கழிக்கக் கூடாது. கழிப்பதானால் அது வாழ்த்தன்று, பங்கின் முன்பணம். அப்படியானால் இருதரப்புச் சொத்தையும் மதிப்பிட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் சொல்வதற்கு ‘உணர்வு’ உதவுகிறது. அதன் முதன்மையான சமூகப் பயன் இதுவே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நிலமும் வீடும் மறுக்கப்பட்ட காலங்களில் பெண் மறைத்துவைக்கவும், சுமந்துசெல்லவும், இக்கட்டில் விற்கவும் இருந்த ஒரே சொத்து பொன். அதைப் புனிதமாக்கிய உணர்வே அதற்குக் காவலாகவும் இருந்தது என்பர். பொன் காத்தது உண்மை. உணர்வு காத்ததா? தொழில் நொடிக்கும்போதும் மைத்துனன் படிப்புக்கும் முதலில் அடகுக்கடைக்குப் போவது மருமகளின் நகையே. வட்டி கட்டாமல் அது மூழ்கிப்போனால் ‘குடும்பத்துக்காகக் கொடுத்தாள்’ என்று புகழ் கிடைக்கும். இக்கட்டில் பயன்படுத்திய ஸ்திரீதனத்தைத் திருப்பித் தருவது கணவனின் கடமை என்று நீதிமன்றம் சொல்கிறது. திருப்பிக் கேட்பவளை அதே உணர்வு பேராசைக்காரி என்கிறது. கொடுக்கும்போது புனிதமாகவும் கேட்கும்போது இழிவாகவும் ஆகும் ஒன்றைக் காவல் என்பது பொருந்தாது.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. மணப் பரிசுகளின் பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும்; பொருளின் விவரம், தோராய மதிப்பு, தந்தவர் பெயர் ஆகியவற்றோடு மணமக்கள் இருவரும் கையொப்பமிட வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் 1985ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பந்தி எழுதவும் மொய் எழுதவும் ஆள் வைக்கும் திருமணங்களில் இந்தப் பட்டியலை எழுத ஒருவரை அமர்த்துவது அபசகுனமாகாது. வளையல் பேத்திக்கே சேர வேண்டும் என்று விரும்பும் பாட்டி இரு சாட்சிகள் முன் உயில் எழுதலாம்; பதிவு கட்டாயமில்லை.

ஆய்வுலகின் பங்கும் உண்டு. அடுத்த முறை ஒரு மாணவர் பரம்பரை நகையைப் பற்றிப் பெண்களை நேர்காண்கையில், ‘இதைப் பார்த்தால் யார் நினைவு வருகிறது?’ என்பதோடு மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளட்டும். இது எந்தப் பெட்டகத்தில் இருக்கிறது? சாவி யாரிடம்? இதற்கு ஈடாக எந்தத் தாளில் கையொப்பம் வாங்கினார்கள்? விடைகள் நினைவாய்வுக் கட்டுரைக்குப் பொருந்தாவிட்டால், திருத்த வேண்டியது கட்டுரையைத்தான்.