கோஷ்டி சைக்கிள் யாத்திரைகள்

மழை ஓய்ந்து தை மாதம் பிறந்ததும் தமிழ்நாட்டில் சைக்கிள் யாத்திரைகளுக்கு உரிய காலம் தொடங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவமழை கரையோர ஜில்லாக்களை நனைத்துவிட்டுப் போகிறது. மே மாதத்தில் கத்திரி வெயில் வந்து வாட்டுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே, விடியற்காலையில் குளிர்ந்த காற்று வீசும் சில மாதங்களே மனிதர் கூட்டமாகச் சேர்ந்து நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பதற்கு ஏற்றவை. ஆகவே சைக்கிள் சங்கத்தாரும், கல்லூரி வாலிபர்களும், தர்ம காரியங்களுக்கு நிதி திரட்டுவோரும், ஏதேனும் ஒரு கொள்கையை ஜனங்களிடையே பரப்ப விரும்புவோரும் இக்காலத்தில் யாத்திரை அறிவிப்புகளை வெளியிடுகின்றனர். ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மூன்று அழைப்புகள் வந்து சேர்வதும் உண்டு. இவற்றுள் எதை ஏற்பது, எதை விடுவது என்பது அற்ப விஷயமாகச் சிலருக்குத் தோன்றலாம். அது அவ்வளவு அற்பமானதன்று என்பது நமது அபிப்பிராயம்.

பெரும்பாலோர் யாத்திரையைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயங்களையே கவனிக்கின்றனர்: தூரம் எவ்வளவு, பதக்கம் உண்டா, கூட்டம் எத்தனை பேர் என்பவை அவை. நாம் நான்காவதாக ஒரு கேள்வியை முன்வைக்கிறோம். அது மற்ற மூன்றையும்விட முக்கியமானது. எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்கிறவர் அந்த யாத்திரையில் எவ்விதம் நடத்தப்படுகிறார்? இக்கேள்விக்கு நேரான பதில் சொல்லக்கூடிய யாத்திரையே நம் நேயர்கள் சேரத்தக்கது. பதில் சொல்லத் தெரியாத யாத்திரை எத்துணை விமரிசையாக நடந்தாலும் அதை விட்டுவிடலாம்.

இந்தக் கேள்வி நாம் புதிதாகக் கற்பித்ததன்று. 1897இல் இத்தாலியர் சிலர் ரோமாபுரியிலிருந்து நேப்பிள்ஸ் வரையில் சூரியோதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையே சைக்கிளில் சென்று தங்கள் துணிவை நிலைநாட்டினர். துணிவுள்ளவர் எனப் பொருள்படும் ‘ஆடாக்ஸ்’ என்னும் லத்தீன் பெயர் அவ்வகை யாத்திரைகளுக்கு ஏற்பட்டது. 1903இல் பிரெஞ்சு தேசத்தில் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெக்ராஞ்ச் என்னும் பத்திரிகாசிரியர், மறு ஆண்டிலேயே பந்தயமல்லாத இந்த யாத்திரைகளுக்கும் விதிகள் வகுத்தார். ஒரு தலைவர் முன்னே சென்று வேகத்தை நிர்ணயிப்பார்; கோஷ்டி முழுவதும் அவரைத் தாண்டாமல் சேர்ந்தே செல்லும். 1921இல் மற்றொரு வகை பிறந்தது. அதில் அவரவர் தத்தம் வேகத்தில் செல்லலாம். ஆனால் குறித்த காலத்துக்குள் முடித்தாக வேண்டும்.

இவ்விரண்டாம் வகை யாத்திரைகளே ‘ப்ரெவே’ என்ற பிரெஞ்சுப் பெயருடன் இன்று இந்தியாவிலும் பல நகரங்களில் நடைபெறுகின்றன. 200 கிலோமீட்டர் தூரத்துக்கு 13½ மணி நேரமும், 300க்கு 20 மணியும், 400க்கு 27 மணியும், 600க்கு 40 மணியும் அவகாசம். உண்பதும் உறங்குவதும் பஞ்சர் ஒட்டுவதும் இந்த அவகாசத்துக்குள்ளேயே அடக்கம். வழியில் குறிப்பிட்ட இடங்களில் அட்டையில் முத்திரை பெற வேண்டும். இதில் முதல், இரண்டாம், மூன்றாம் ஸ்தானங்கள் என்பதே கிடையாது. ஏழு மணி நேரத்தில் முடித்தவருக்கும், பதின்மூன்றே கால் மணி நேரத்தில் முடித்தவருக்கும் ஒரே மரியாதைதான். நான்காண்டுகளுக்கு ஒருமுறை பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகத்துக்குச் சென்று திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் யாத்திரையும் இவ்வகையினதே. அதன் உச்ச அவகாசம் 90 மணி. 1891இல் பந்தயமாகத் தொடங்கிய அது, பந்தயம் மறைந்து யாத்திரையாகவே இன்று நிலைத்திருக்கிறது. கடைசியாக 2023இல் நடந்தது. ஜயித்தவரை மட்டும் கொண்டாடிய ஏற்பாடு மடிந்து, முடித்தவர் அனைவரையும் சமமாக ஏற்கும் ஏற்பாடு நிலைபெற்றது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எனினும் ப்ரெவே யாத்திரைகளில் புகுமுன் புதியவர்கள் இரண்டு விஷயங்களை அறிதல் அவசியம். முதலாவது, அங்கே ஒவ்வொருவரும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்து ஏற்றிச் செல்லும் வண்டி இருக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. 200 கிலோமீட்டரை முடிப்பதற்கு நிற்கும் நேரம் உட்பட மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் சராசரி வேண்டும். முதல் யாத்திரையாக அதில் இறங்குவது விவேகமன்று. இரண்டாவது, அந்த யாத்திரைகளின் ஆண்டுக் கணக்கு நவம்பர் 1 முதல் அக்டோபர் 31 வரையில் செல்வது. ஐரோப்பியருக்கு வசந்தமும் கோடையும் சாதகமானவை. நமக்கோ அவர்களுடைய ஆண்டுத் தொடக்கம் அடைமழையிலும், அவர்களுடைய வசந்தத்தின் பிற்பகுதி நம் கத்திரி வெயிலிலும் விழுகின்றன. நான்கு தூரங்களையும் ஒரே ஆண்டில் முடிக்க விரும்புவோர் அட்டவணை வந்தவுடன் பரபரப்படையாமல், ஜனவரி முதல் மார்ச் வரையிலுள்ள தேதிகளை முதலில் பற்றிக்கொள்வதே உசிதம்.

“சைக்கிள் ஓட்டுவது சொந்த உல்லாசம், அதில் பொதுக் காரியத் தொண்டர்களுக்கு என்ன அக்கறை?” என்று கேட்போருக்குச் சரித்திரமே விடையளிக்கிறது. 1894இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ‘கிளாரியன்’ பத்திரிகையின் பெயரால் ஒரு சைக்கிள் சங்கம் தோன்றிற்று. அதைச் சேர்ந்த தொழிலாளரும் குமாஸ்தாக்களும் விடுமுறை நாட்களில் கிராமங்களுக்குச் சைக்கிளில் சென்று, துண்டுப் பிரசுரங்களை வழங்கிச் சமதர்மப் பிரசாரம் செய்தனர். 1896இல் ஜெர்மனியில் தொழிலாளரின் சைக்கிள் சங்கமொன்று ‘ஒற்றுமை’ என்று பொருள்படும் பெயருடன் உருவாயிற்று. 1933இல் ஹிட்லர் ஆட்சி அதைத் தடை செய்தது. சைக்கிள் ஓட்டுவது வெறும் உல்லாசமாயிருந்தால், சர்வாதிகாரி அதைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்? 1992 செப்டம்பரில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் சைக்கிள்காரர்கள் மாதந்தோறும் கடைசி வெள்ளிக்கிழமையன்று ஒன்றுகூடித் தெருவில் தங்களுக்குள்ள பாத்தியதையை உணர்த்தத் தொடங்கினர். அவ்வழக்கம் உலகின் பல நகரங்களுக்கும் பரவியது.

அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே நம் புதுக்கோட்டை இதைச் செய்து காட்டிவிட்டது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பித்தது. 1992இன் சர்வதேச மகளிர் தினத்தன்று ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணியடித்து அந்நகரின் வீதிகளில் சைக்கிளில் ஊர்வலம் சென்றனர். விவசாயக் கூலிகளும், கல் குவாரித் தொழிலாளிகளும், கிராமத் தாதிகளும் அவ்வியக்கத்தில் சைக்கிள் கற்றவர்கள். பெண்களுக்கான சைக்கிள்கள் கிடைக்காதபோது, குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் சைக்கிளையே அவர்கள் ஏற்றுக்கொண்டனர்; அக்கம்பியின்மேல் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ள வசதியென்றும் கண்டனர். நம் நாட்டில் நடந்த கோஷ்டி யாத்திரைகளுள் இதற்கு ஈடானது வேறொன்று இருப்பதாக நாம் கருதவில்லை. அதற்குக் காரணம் தூரமன்று, வேகமுமன்று. சமூகத்தில் கடைசியில் நிறுத்தப்பட்டிருந்தவர்களை அது வீதியின் நடுவுக்குக் கொண்டுவந்தது.

இன்று நடைபெறும் பல யாத்திரைகளை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்போமாக. விலையுயர்ந்த சைக்கிளும் அதற்கேற்ற உடையும் இல்லாதவர் தயங்கி ஒதுங்கி நிற்கும்படியாகச் சில கோஷ்டிகள் நடந்துகொள்கின்றன. தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு அரசாங்கம் இலவசமாக வழங்கிவரும் சைக்கிள் பல்லாயிரம் வீடுகளில் இருக்கிறது. பால்காரரும், கொத்தனாரும், இரவுக் காவற்காரரும் நாள்தோறும் மிதிப்பதும் அத்தகைய சாதாரண சைக்கிளே. அந்தச் சைக்கிளுடன் ஒருவர் வந்தால் இடம் கொடுக்காத யாத்திரை, சைக்கிளின் பெயரால் நடந்தாலும் சைக்கிள்காரர்களுக்கு உரியதாகாது.

ஆதலால், யாத்திரையில் சேருமுன் நடத்துவோரிடம் பின்வருவனவற்றைக் கூச்சமின்றிக் கேட்குமாறு நம் நேயர்களை வேண்டுகிறோம். தூரமும் வேகமும் முன்னதாகவே அறிவிக்கப்பட்டிருக்கின்றனவா? எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே அனுபவமுள்ள தொண்டர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா? அவரிடம் பம்பும், பஞ்சர் ஒட்டும் சாமான்களும், முதல் சிகிச்சைப் பெட்டியும் உண்டா? தண்ணீரும் நிழலும் கிடைக்குமிடங்கள் எவை? புறப்படும் நேரம் இருட்டாயிருப்பின் முன்னும் பின்னும் விளக்கு வேண்டுமென்ற கட்டாயம் உண்டா? தொடங்கியவர் எத்தனை பேர், திரும்பியவர் எத்தனை பேர் என்று முடிவில் கணக்கெடுப்பார்களா? கடைசிக் கேள்விக்குத் தலையைச் சொறிகிறவர்களிடம் நம் வீட்டு வாலிபர்களை ஒப்படைப்பதற்கில்லை.

பாதையின் தேர்வும் இதே நியாயத்தைப் பொறுத்தது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலை அழகியதுதான். எனினும் விடுமுறை நாட்களில் அங்கே மோட்டார்கள் பறக்கும் வேகத்தை நினைத்தால், சூரியன் ஏறுமுன் திரும்பிவிடும் யாத்திரையே நல்லது. தஞ்சையிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர்; மேடு பள்ளமற்ற டெல்டா பூமி; வழியில் ஆறுகள் பல. சிறுவரும் முதியவரும் சேர்ந்து செல்வதற்கு இத்தகைய பாதையே தகுந்தது. இதற்கு நேர்மாறாக, மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறுவதற்குத் தேக பலம் வேண்டும்; இறங்குவதற்கு அதனினும் அதிகமாக நிதானம் வேண்டும். இடைவிடாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சக்கரத்தின் விளிம்பு சூடேறி டியூப் வெடிப்பதும் உண்டு. இத்தகைய யாத்திரையைப் பருவத்தின் முதலில் வைத்துக்கொள்ளாமல், பல வாரப் பயிற்சிக்குப் பின் கடைசியில் வைத்துக்கொள்வதே முறை.

“மெதுவாக வருகிறவருக்காக எல்லோரும் காத்திருப்பின், வேகமாகச் செல்ல வல்லவரின் திறமை வீணாகாதா?” என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். இந்த ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பரிகாரம் எளிது. ஒரே யாத்திரையை வேகத்துக்கேற்ப மூன்று கோஷ்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரையும் ஒரு பின்காவலரையும் நியமித்தால் போதும். வேகமான கோஷ்டியிலும் கடைசியாக ஒருவர் இருக்கத்தான் செய்வார். இன்று முன்னே பறப்பவர் நாளை டயர் கிழிந்து வழியில் நிற்கக்கூடும். அப்பொழுது அவரும் இவ்விதியின் அருமையை உணர்வார்.

கடைசியாக அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய அரசாங்கமே கணக்குக் கொடுத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாத்திரைக்குக் கொடியசைத்துத் துவக்கி வைக்க வரும் பிரமுகர்கள், திங்கட்கிழமை காலையில் அதே சாலையில் தன்னந்தனியாக வேலைக்குச் செல்லும் சைக்கிள் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் கூறக் கடமைப்பட்டவர்கள். யாத்திரையில் செல்லும் நூறு பேருக்குப் போலீஸ் காவல் கிடைக்கிறது. அவருக்கோ சாலையோரத்தில் மூன்றடிப் பாதைகூட இல்லை. கோஷ்டியாகச் செல்வோர் கொடியசைக்க வந்தவரிடம் இதைக் கேட்டுவிட்டே புறப்பட வேண்டும். கேட்பதற்கு வாய்ப்பளிக்கும் யாத்திரைகளைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு தேசத்தொண்டே.

பருவம் குறுகியது, ஞாயிற்றுக்கிழமைகளோ சிலவே. அவற்றை எண்ணிச் செலவிடுங்கள். ஊருக்கு ஒரு கோஷ்டி இவ்விதிகளின்படி அமைந்து, புறப்பட்டவர் அனைவரும் ஒருவர் குறையாமல் வீடு திரும்பினால், அந்தப் பருவம் வெற்றிகரமாக முடிந்ததென்று நாம் கொள்வோம்.